மூச்சு வாங்கும் செல்லம்

ஒரு செல்போன் விளம்பரம் பக் நாயை இந்திய வீடுகளுக்குள் கொண்டு வந்தது. எல்லோரும் கொஞ்சும் அந்தத் தட்டை முகம்தான் அதன் பெரிய தொல்லை என்பது, வாங்கிய பலருக்குத் தாமதமாகவே தெரிகிறது.

2003ல் தொலைக்காட்சியில் ஓடிய அந்த விளம்பரத்தில் வசனம் கிடையாது. கோவாவில் ஒரு சிறுவன் நடந்து போகிறான். கறுத்த முகமும் சுருட்டிய வாலுமாக ஒரு சின்ன நாய் அவன் பின்னாலேயே போகிறது. அவன் நின்றால் நிற்கிறது, நடந்தால் நடக்கிறது. பின்னணியில் ஓர் ஆங்கிலப் பாட்டு. நீங்கள் எங்கே போனாலும் எங்கள் நெட்வொர்க் பின்தொடரும் என்று கடைசியில் ஒரு வரி. ஹட்ச் நிறுவனத்துக்காக ஓகில்வி அண்ட் மேதர் உருவாக்கிய விளம்பரம் அது. அதைப் பார்த்துவிட்டு சிம் கார்டு வாங்கியவர்கள் போக, நாய் வாங்கக் கிளம்பியவர்களும் ஏராளம்.

அதுவரை இந்திய நகரங்களில் சின்ன நாய் என்றால் வெள்ளை வெளேரென்று புசுபுசு முடியோடு, 'பொமரேனியன்' என்ற பெயரில் வளர்ந்த ஸ்பிட்ஸ்தான். பக் நாயை அறிந்தவர்கள் பெரும்பாலும் நாய்க் கண்காட்சிகளுக்குப் போய் வருபவர்கள். விளம்பரத்துக்குப் பிறகு நிலைமை தலைகீழ். இனத்தின் பெயர்கூடத் தெரியாமல் "ஹட்ச் நாய் இருக்கிறதா?" என்று கேட்டு வந்தார்கள். குட்டியின் விலை எகிறியது. 2007ல் ஹட்ச், வோடஃபோன் ஆனது. வீடுகளில் நாயின் பெயரும் 'வோடஃபோன் நாய்' என்று மாறியது. 2009 ஐபிஎல் போட்டிகளின்போது ஜூஜூ என்ற வெள்ளை உருவங்கள் வந்து விளம்பரத்தில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அதற்குள் மும்பை, தில்லி, பெங்களூரு, கொல்கத்தா அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பக் நாய் நிரந்தரவாசி ஆகிவிட்டது.

மடிக்கென்றே பிறந்தது

அதன் குணத்தைப் பார்த்தால் இந்த மோகத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. எடை 6 முதல் 8 கிலோ. உயரம் ஓர் அடிக்குச் சற்று முன்னே பின்னே. நிறம் மங்கிய பழுப்பு, அல்லது முழுக் கறுப்பு. வேட்டை, காவல், மந்தை மேய்ப்பது என்று மனிதன் மற்ற நாய்களுக்குக் கொடுத்த எந்த வேலையையும் இதற்குக் கொடுத்ததில்லை. கூட இருப்பது ஒன்றுதான் இதன் உத்தியோகம். அதை அது சிரத்தையாகச் செய்கிறது. சமையலறைக்குப் போனால் சமையலறை, குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே காவல். குழந்தைகளிடம் பொறுமை அதிகம். ஓயாமல் குரைத்துப் பக்கத்து வீட்டுக்காரரின் பகையைச் சம்பாதித்துத் தராது. பெரிய தோட்டமோ மைதானமோ தேவையில்லை. வயதான தம்பதிக்கும், இரண்டு அறை ஃபிளாட்டில் இருக்கும் குடும்பத்துக்கும் இதைவிட ஒத்துப்போகும் நாய் கிடைப்பது கடினம்.

குறைகளும் உண்டு. முடி குட்டைதானே, வீடு சுத்தமாக இருக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் ஏமாந்து போவார்கள். வருடம் முழுவதும் கொட்டும். தனியாக விட்டுவிட்டு நாள் முழுக்க வேலைக்குப் போனால் வாடிப்போகும். சாப்பாட்டு விஷயத்தில் 'போதும்' என்பதே தெரியாது. கண்ணை உருட்டிக் கெஞ்சுகிறதே என்று பிஸ்கட்டும் நெய்ச்சோறும் கொடுத்தால் ஒரே வருடத்தில் உருண்டை ஆகிவிடும்.

சீனாவிலிருந்து ஹாலந்துக்கு

பக் நாயின் பூர்வீகம் சீனா. அங்கே அரண்மனைகளில் மடி நாயாகச் செல்வாக்கோடு வளர்ந்தது. நெற்றிச் சுருக்கங்கள் 'அரசன்' என்ற சீன எழுத்தைப் போல அமைந்தால் அந்த நாய்க்கு மதிப்பு கூடும் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. டச்சு வணிகர்களின் கப்பல்களில் ஐரோப்பாவுக்குப் போய், ஹாலந்தில் ஆரஞ்சு அரச குடும்பத்தின் செல்லமானது. 1572ல் ஸ்பானியப் படைகள் இரவில் முகாமைத் தாக்க வந்தபோது, இளவரசர் வில்லியமைக் குரைத்து எழுப்பிக் காப்பாற்றியது ஒரு பக் நாய் என்று கதை உண்டு. அவருடைய கொள்ளுப்பேரன் மூன்றாம் வில்லியம் 1689ல் இங்கிலாந்தின் அரியணை ஏறினார். அதன்பின் அங்கேயும் பக் நாய் நாகரிகமாயிற்று. பின்னாளில் விக்டோரியா மகாராணியும் பக் நாய்களை வளர்த்தார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் 1745ல் தன்னையும் தன் பக் நாயையும் சேர்த்து வரைந்த ஓவியம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த நாயின் பெயர் டிரம்ப். இன்றைய பக் நாயைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அதை அடையாளம் கண்டுகொள்ளச் சற்று நேரம் பிடிக்கும். காரணம், அதற்கு மூக்கு இருக்கிறது. முகத்துக்கு வெளியே நீண்ட, காற்று போய்வரத் தாராளமான மூக்கு.

மூக்கு எங்கே போனது? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாய்க் கண்காட்சிகள் பரவின. இனத்துக்கு இனம் இலக்கணம் வகுக்கப்பட்டது. பக் என்றால் தட்டை முகம் என்றானபோது, முகம் எவ்வளவு தட்டையோ அவ்வளவு நல்லது என்று வளர்ப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். மூக்கு குட்டையான ஆணையும் பெண்ணையும் தேடிச் சேர்த்தார்கள். அவற்றின் குட்டிகளில் இன்னும் குட்டை மூக்குள்ளதைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரிய கண்களும் உருண்டைத் தலையும் சப்பை மூக்குமாக, கைக்குழந்தையின் முகச்சாயல் வந்தது. மனிதர்களை மயக்குவது அந்தச் சாயல்தான்.

உள்ளே மடிந்தது தெரிவதில்லை

மண்டை எலும்பு சுருங்கியது. ஆனால் அதற்குள் இருக்கும் சதை அதே விகிதத்தில் சுருங்கவில்லை. மிச்சமான தோல் முகத்தில் மடிப்பு மடிப்பாக விழுந்தது; அதைப் பார்த்து அழகு என்கிறோம். வாய்க்குள்ளும் தொண்டைக்குள்ளும் மிச்சமானது வெளியே தெரிவதில்லை. மேலண்ணத்தின் பின்பக்கச் சதை நீண்டு தொங்கி மூச்சு போகும் வழியை மறிக்கிறது. மூக்குத் துவாரங்கள் பல நாய்களில் வெறும் கீறலாக இருக்கின்றன. அடைபட்ட பாதையில் காற்றை வலிந்து இழுத்து இழுத்துக் குரல்வளையும் நாளடைவில் தளர்ந்துபோகிறது. குட்டை முக நாய்களின் மூச்சுப் பாதை அடைப்பு என்று கால்நடை மருத்துவம் இதைத் தனி நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது.

மூச்சோடு முடிவதில்லை. நாய்க்கு 42 பற்கள். நீண்ட தாடையில் வரிசையாக நிற்க வேண்டியவை குட்டைத் தாடையில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கோணலாக முளைக்கின்றன. கண் குழி ஆழமில்லாததால் விழி பிதுங்கி நிற்கிறது. தூசியும் நகக்கீறலும் சுலபமாகப் பட்டுக் கருவிழியில் புண் வருகிறது. பலமாக அடிபட்டால் விழியே குழியை விட்டு வெளியே வந்துவிடுவதும் உண்டு. முக மடிப்புகளில் ஈரம் தங்கிக் கிருமி சேர்கிறது. சுருட்டை வாலுக்குக் காரணமான எலும்புக் கோணல் சில நாய்களில் முதுகெலும்புக்கும் ஏறி, பின்னங்கால்களைத் தள்ளாட வைக்கிறது. குட்டியின் தலை பெரிதாக இருப்பதால் பிரசவத்துக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்படுவதும் மற்ற நாய்களைவிட அதிகம்.

லண்டனில் உள்ள ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆய்வு 2022ல் வெளியானது. பிரிட்டனில் 4,308 பக் நாய்களின் மருத்துவப் பதிவுகளை 21,835 மற்ற நாய்களின் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடத்தில் ஏதாவது ஒரு நோய்க்கு ஆளாகும் வாய்ப்பு பக் நாய்க்கு ஏறத்தாழ இரு மடங்கு. மூச்சுப் பாதை அடைப்புக்கான வாய்ப்பு 54 மடங்கு. கருவிழிப் புண்ணுக்கு 13 மடங்கு. தோல் மடிப்புத் தொற்றுக்கு 11 மடங்கு. உடல்நலத்தைப் பொறுத்தவரை பக் நாயை இனி ஒரு சராசரி நாயாகக் கருத முடியாது என்ற முடிவுக்கு ஆய்வாளர்கள் வந்தார்கள். அதே ஆய்வில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முரட்டுத்தனம் பக் நாயிடம் மற்ற நாய்களைவிடக் குறைவு. குணம் தங்கம், உடம்புதான் சரியில்லை.

மே மாதத்தில் ஒரு நடை

பிரிட்டனின் குளிரிலேயே இந்த நிலை என்றால் இந்தியக் கோடையைச் சொல்ல வேண்டியதில்லை. மனிதனுக்கு வியர்வை உடம்பைக் குளிர்விக்கிறது. நாய்க்கு வியர்ப்பது பாதங்களில் மட்டும். அதனால் அது நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கிறது. வாயிலும் மூக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகி, போகும்போது சூட்டையும் கொண்டு போகிறது. நீண்ட மூக்கினுள் சுருள் சுருளாக இருக்கும் மெல்லிய எலும்புகளும் அவற்றின் மேல் படர்ந்த ஈரச் சவ்வும்தான் நாயின் ஏர்கூலர். பக் நாய்க்கு அந்த ஏர்கூலரை வைக்க இடமே இல்லை.

எனவே அது வேகமாக இரைக்கிறது. குறுகிய வழியில் காற்றை இழுக்கத் தசைகள் பாடுபடுகின்றன. அந்தப் பாடே சூட்டைக் கூட்டுகிறது. தொண்டைச் சதை வீங்குகிறது. வழி இன்னும் குறுகுகிறது. நாயின் இயல்பான உடல் சூடு 38.5 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். அது 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பாதிக்கப்படத் தொடங்கும். தில்லியில் மே, ஜூனில் வெயில் 45 டிகிரியைத் தொடுகிறது. மும்பையில் வெயில் அவ்வளவு இல்லை. ஆனால் காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் நாயின் வாயிலுள்ள ஈரம் ஆவியாவதே சிரமம். இரண்டு ஊர்களிலும் காலை பத்து மணிக்கு ஒரு சின்ன நடை, அல்லது மின்வெட்டான ஒரு மதியம், ஆபத்தில் முடிய அது போதும்.

விமான நிறுவனங்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டன. அமெரிக்காவில் 2005 மே மாதத்திலிருந்து ஐந்து ஆண்டுகளில் விமானப் பயணத்தில் இறந்ததாகப் பதிவான 122 நாய்களில் ஏறத்தாழ பாதி குட்டை முக இனங்கள். பல நிறுவனங்கள் இவற்றைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கின்றன.

குறட்டை சங்கீதம் அல்ல

இவ்வளவு இருந்தும் வீட்டில் இருப்பவர்களுக்கு ஏன் தெரிவதில்லை? பக் நாய் குறட்டை விடும், கொர் கொர் என்று மூச்சுவிடும், அது அந்த இனத்தின் இயல்பு என்று சொல்லித்தான் விற்கிறார்கள். வாங்கியவர்களும் அந்தக் குறட்டையை ரசிக்கிறார்கள், செல்போனில் படம் பிடித்து உறவினர்களுக்கு அனுப்புகிறார்கள். பிரிட்டனில் 2012ல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுப் பாதை அடைப்பு உள்ள நாய்களின் உரிமையாளர்களில் 58 சதவீதம் பேர் தங்கள் நாய்க்கு மூச்சுப் பிரச்சினை எதுவும் இல்லை என்றே சொன்னார்கள். தினமும் கேட்டுக் கேட்டுப் பழகிய சத்தம் நோயாகத் தோன்றுவதில்லை.

சில அறிகுறிகளைக் கவனித்தால் போதும். விழித்திருந்து சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு சத்தமாக வருவது. தலையை எதன் மீதாவது உயர்த்தி வைத்துக்கொண்டு, அல்லது உட்கார்ந்தபடியே தூங்குவது. சாப்பிட்டதை அடிக்கடி வெளியே தள்ளுவது. கொஞ்சம் விளையாடியதும் ஈறும் நாக்கும் நீலம் பாய்வது. மயங்கி விழுவது. இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் பிரிட்டிஷ் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019ல் கொண்டுவந்த சோதனை மிகவும் எளிது. நாயின் தொண்டையில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்கிறார்கள். 3 நிமிடம் ஓடவிட்டு மறுபடியும் கேட்கிறார்கள். சத்தத்தைப் பொறுத்து 0 முதல் 3 வரை தரம். மோசமாக உள்ள நாய்களுக்கு மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தவும் அண்ணச் சதையைக் குறைக்கவும் அறுவைச் சிகிச்சை உண்டு. அது சுமையைக் குறைக்கும். நீண்ட மூக்கைத் திருப்பித் தராது.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஒரு காலத்தில் பக் நாயை அரச குடும்பத்தின் செல்லமாக வைத்துக் கொண்டாடிய நெதர்லாந்துதான் இன்று அதற்கு மிகக் கடுமையான விதியை வைத்திருக்கிறது. பெற்றோருக்கோ குட்டிகளுக்கோ தீங்கு தரும் இனப்பெருக்கம் கூடாது என்ற சட்டத்துக்கு 2019ல் அளவுகோல் கொடுத்தார்கள். மூக்கின் நீளம் மண்டையின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்காவது இல்லாவிட்டால் அந்த நாயை இனவிருத்திக்குப் பயன்படுத்தக் கூடாது. ஜெர்மனியில் சில வளர்ப்பாளர்கள் பக் நாயை ஜாக் ரஸ்ஸல் வகை டெரியருடன் கலந்து, ஹோகார்த் காலத்து மூக்கை மீட்கப் பார்க்கிறார்கள்.

இந்தியாவில் மத்திய அரசு 2016ல் வணிக ரீதியான இனப்பெருக்கத்துக்காக நாய்களை இறக்குமதி செய்வதைக் கட்டுப்படுத்தியது. 2017ல் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் வந்தன. வளர்ப்பாளர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. பெண் நாயை 18 மாதத்துக்கு முன் இணை சேர்க்கக் கூடாது. ஆயுளில் 5 ஈற்றுக்கு மேல் கூடாது. ஆனால் பெருநகரங்களில் குட்டி வியாபாரம் பெரும்பாலும் தெரிந்தவர் மூலமும் செல்போன் மூலமும் நடக்கிறது. மூக்கின் நீளத்தைப் பற்றி இந்த விதிகள் பேசவில்லை.

மார்ச் 2024ல் மத்திய அரசு 23 இன நாய்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்தது. அந்தப் பட்டியலில் இருந்தவை மனிதனுக்கு ஆபத்தானவை என்று கருதப்பட்ட நாய்கள். மனிதனின் ரசனையால் ஆபத்துக்கு உள்ளான நாய்களுக்கு அதில் இடமில்லை. அந்தக் கோணத்தில் யோசித்த அரசு ஆவணம் ஒன்றும் அதே ஆண்டில் வந்தது. தமிழக அரசின் நாய் இனப்பெருக்கக் கொள்கை, இங்குள்ள தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்களில் ஒன்றாக பக் நாயையும் சேர்த்து, அதன் இனப்பெருக்கத்தைத் தடுக்க முனைந்தது. வளர்ப்பாளர்களிடமிருந்து எதிர்ப்பும் கிளம்பியது.

வீட்டில் இருப்பவைக்கு

ஏற்கெனவே பக் நாய் வைத்திருப்பவர்கள் கலங்க வேண்டியதில்லை. கவனமாக வளர்த்தால் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கூடவே இருக்கும். முதல் மருந்து எடைக் கட்டுப்பாடு; விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ் நல்லது, தொண்டையை இறுக்காது. கோடையில் நடை சூரியன் ஏறுவதற்கு முன்பும் தரை ஆறிய பிறகும் மட்டும். முக மடிப்புகளைத் தினமும் ஈரத்துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். கண் சிவந்தாலோ நாய் கண்ணை மூடிக்கொண்டாலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வெயில் தாக்கித் தள்ளாடினால் நிழலுக்குத் தூக்கிப் போய், உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கு அடியில் வைத்து, அதன் பிறகே மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். குளிர்விப்பது முதல் வேலை, பயணம் அடுத்தது.

இனிமேல் வாங்க நினைப்பவர்கள் குட்டியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. எல்லாக் குட்டிகளும் அழகுதான். தாயைக் காட்டச் சொல்ல வேண்டும். அது மாடிப்படி ஏறி இறங்கி வந்ததும் எப்படி மூச்சு விடுகிறது என்று கேட்க வேண்டும். மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, மூக்கு என்று ஒன்று பக்கவாட்டில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தாயைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் திரும்புவது நல்லது. பெங்களூருவில் கியூபா அமைப்பு, கைவிடப்பட்ட உயர் இன நாய்களுக்கென்றே தத்து மையம் தொடங்க வேண்டி வந்தது. இப்படிப்பட்ட இடங்களிலிருந்து வளர்ந்த நாயைத் தத்தெடுத்தால் அதன் மூச்சு எப்படி என்பது முதல் நாளே தெரிந்துவிடும். சின்ன நாய்தான் வேண்டும், பக் என்ற பெயர் முக்கியமில்லை என்பவர்களுக்கு இந்திய ஸ்பிட்ஸ் இருக்கிறது. பல தலைமுறையாக இங்கேயே பிறந்து வளர்ந்த இனம், நீண்ட மூக்குள்ளது. தெருவில் பிறக்கும் குட்டிகளும் இருக்கின்றன.

விற்பவர் சந்தையில் எது போகுமோ அதைத்தான் வளர்ப்பார். 2003ல் வந்த கூட்டம் கறுத்துச் சப்பிய முகத்தைக் கேட்டது, அதுவே கிடைத்தது. அடுத்து வருபவர்கள் மூக்குத் துவாரத்தைப் பார்த்து வாங்கத் தொடங்கினால், விற்பவர்களும் மூக்குள்ள தாயைத் தேட வேண்டியிருக்கும்.